இதில் தலை எது?

எங்கள் லேபுக்குள் மல்லிகைப்பூவுக்கு அனுமதி கிடையாது. மதுரையில் உட்கார்ந்துகொண்டு இப்படியொரு சட்டம் போட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? வருகிற பெண்களின் தலையிலிருந்து சரத்தைக் கழற்றி வாங்கி, வாசலில் ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைப்பது ஆயாவின் வேலை. சென்ட், பவுடர், தைலம் எதுவும் ஆகாது. காற்றில் கலக்கும் ஆவிகள் கருவைப் போய்ச் சேர்ந்துவிடுமோ என்ற பயம்தான். கருவுக்கு மூக்கு இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் தோலும் இல்லை, ஈரலும் இல்லை. வந்ததை வடிகட்ட அதனிடம் எதுவுமே இல்லை.

பத்தொன்பது வருஷமாக நான் எம்ப்ரியாலஜிஸ்ட். விலங்கியல் படித்தவள். டாக்டர் இல்லை. "டாக்டரம்மா" என்று கூப்பிடுகிறவர்களைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போய் இப்போது திரும்பிப் பார்த்துவிடுகிறேன். கருமுட்டையையும் விந்தணுவையும் சேர்த்து, ஐந்து நாள் இன்குபேட்டரில் வைத்துப் பார்த்துக்கொள்வது என் தொழில். ஆறாம் நாளுக்கு மேல் எனக்கு அங்கே வேலை இல்லை.

போன வருஷம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எண்ணிக்கைகளைத் தொடவில்லை.) மருமகளுக்கு 33 வயது, கல்யாணமாகி ஒன்பது வருஷம். கருவைக் கருப்பைக்குள் வைக்கும் நாளில், அதற்கு முன் ஒரு நிமிஷம் திரையில் பெரிதாகக் காட்டுவது எங்கள் வழக்கம். மகன் கீழே பில் கட்டப் போயிருந்தார். மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரையில் சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை, நடுவில் வெற்றிடம், ஓரத்தில் ஒரு சின்னக் கட்டி.

மாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: "தாயி, இதுல தலை எது?"

"அத்தை, சும்மா இருங்க" என்றாள் மருமகள்.

அவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. "பன்னெண்டு முட்டை எடுத்தோம்னு அன்னிக்குச் சொன்னாக. இப்ப ஒண்ணைக் காட்டுறீக. மிச்சம் எங்க போச்சு?"

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லூரியில் இரண்டு வருஷம் நாங்கள் படித்த பாடம் மொத்தமும் இந்த இரண்டு கேள்விக்குள் அடங்கிவிடும். அன்றைக்கு ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிச் சமாளித்தேன். நேரம் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

முட்டை எடுக்கும் நாளை நாங்கள் 'பிக்கப்' என்போம். சினைப்பையிலிருந்து ஊசி வழியாக உறிஞ்சிய நீர், டெஸ்ட் டியூபில் இளஞ்சூட்டோடு என் கைக்கு வரும். வெளிர் மஞ்சள், கொஞ்சம் ரத்தம் கலந்திருக்கும். அதைத் தட்டில் கொட்டி நுண்ணோக்கியில் தேடினால், ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி வழவழவென்று ஒரு திட்டு தெரியும். அதன் நடுவில்தான் முட்டை. குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இந்த வாக்கியத்தின் முடிவில் வரும் புள்ளிக்குள் மூன்று நான்கு முட்டைகளை வரிசையாக அடுக்கலாம். அப்படியும் மனித உடம்பில் உள்ள செல்களிலேயே பருமனானது அதுதான்.

முட்டையின் வயதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைகள் எல்லாம் உருவாகிவிடுகின்றன. ஐந்தாம் மாதத்தில் அந்தச் சிசுவின் சினைப்பைகளில் 60, 70 லட்சம் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம். அதில் ஆயுள் முழுவதும் வெளியே வருவது சுமார் 400. ஆக, அன்று என் தட்டில் கிடந்த பன்னிரண்டும் மருமகளைவிடச் சில மாதம்தான் இளையவை. "பெரியம்மா, இதெல்லாம் உருவானது உங்க சம்பந்தியம்மா வயித்துல" என்று சொல்லியிருந்தால் அந்த முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

வயது சும்மா ஒரு கணக்கு இல்லை. முட்டைக்குள் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து, பிரிவதற்குத் தயாராகி, பாதி வேலையில் அப்படியே நின்றுவிடுகின்றன. அந்த ஜோடிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பவை சில புரத வளையங்கள். இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்து அந்த முட்டை வெளிவரும் மாதத்தில்தான் வேலை மறுபடி தொடங்கும். பாதியை வைத்துக்கொண்டு, மீதியை ஒரு சின்னப் பொட்டலமாகக் கட்டி முட்டை வெளியே தள்ளிவிடும். வளையங்கள் இத்தனை வருஷத்தில் தளர்ந்திருந்தால் பங்கீடு சரியாக வராது. ஒரு பக்கம் ஒன்று கூடும், மறுபக்கம் ஒன்று குறையும். வயதான முட்டைகளில் இது அதிகம் என்பதற்குக் காரணம் இந்தத் தளர்ச்சிதான்.

அந்தப் பொட்டலம் வெளியே தெரிந்தால்தான் முட்டை முதிர்ந்ததென்று அர்த்தம். பன்னிரண்டில் பத்தில் தெரிந்தது. இரண்டு அங்கேயே கழிந்தன.

மகனுக்கு விந்தணு எண்ணிக்கை குறைவு. அதனால் 'இக்ஸி' செய்தோம். ஒன்பது வருஷமாக அரசமரம் சுற்றியது மட்டும் மருமகள். இக்ஸி என்பது ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் எடுத்து முட்டைக்குள் வைப்பது. 1992-இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் முதன்முதலாக இதில் வெற்றி கண்டார்கள். இடது கைப் பக்கம் ஒரு கண்ணாடிக் குழாய், முட்டையை மெல்ல உறிஞ்சிப் பிடித்திருக்கும். வலது கைப் பக்கம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிந்த ஊசி. விந்தணுவின் வாலை ஊசியால் அழுத்தி ஒரு தேய்ப்பு தேய்த்தால் ஓட்டம் நின்றுவிடும். பிறகு அதை வால் பக்கமாக உறிஞ்சி எடுத்து முட்டைக்குள் கொண்டுபோக வேண்டும். ஊசி போகப் போக முட்டையின் உள்சவ்வு கிழியாமல் கூடவே இழுபடும். சில முட்டைகளில் எதிர்ப்பக்கம் தொடுகிற வரைகூட. லேசாக உறிஞ்சியதும் சட்டென்று விடும். அந்த 'விடும்' நொடியில் என் மூச்சு நின்றிருக்கும். பத்தொன்பது வருஷத்தில் அது மட்டும் பழகவேயில்லை.

இயற்கையாக நடந்தால் இந்த வேலைக்கு ஊசி வேண்டாம். விந்தணுவின் தலையில் ஒரு புரதம், முட்டையின் மேல் இன்னொரு புரதம். இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு பிடித்துக்கொண்டால்தான் கலப்பு. விந்தணுப் புரதத்தை 2005-இல் கண்டறிந்த ஜப்பானியர்கள் அதற்கு 'இசுமோ' என்று பெயர் வைத்தார்கள். வரன் கூடிவர ஜப்பானியர் வேண்டிக்கொள்ளும் கோயிலின் பெயர் அது. முட்டைப் புரதத்தை 2014-இல் கண்டறிந்தது இங்கிலாந்தில். அவர்கள் வைத்தது 'ஜூனோ', ரோமானியர்களின் கல்யாண தெய்வம். நம் ஊரில் யாராவது முந்தியிருந்தால் திருமணஞ்சேரி என்றே வைத்திருப்போம்.

கலந்த உடனே முட்டைக்குள் கால்சியம் அலை அலையாக எழும்பும். முப்பது வருஷத் தூக்கம் அந்த அலையில்தான் கலைகிறது. கூடவே முட்டையின் வெளியுறை இறுகிவிடும். இன்னொரு விந்தணு நுழைய முடியாது.

மறுநாள் காலை, 16 முதல் 18 மணி நேரத்துக்குள், நான் ஒவ்வொரு முட்டையாகப் பார்ப்பேன். நடுவில் இரண்டு வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரிய வேண்டும். ஒன்று அம்மாவின் 23 குரோமோசோம்கள், மற்றது அப்பாவின் 23. நேரம் தவறினால் வட்டங்கள் மறைந்துவிடும், எதைப் பார்த்தோம் என்பதே தெரியாது. சினிமாவில் காட்டுகிற மாதிரி இரண்டும் ஒன்றாகி ஒரே வட்டம் ஆவதில்லை. இரண்டின் சுவரும் கரைந்து, முதல் பிரிவுக்காக வரிசையில் நிற்கும்போதுதான் அம்மா பங்கும் அப்பா பங்கும் ஓரிடத்தில் சேர்கின்றன. 'கரு உண்டான நொடி' என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் எதைக் காட்டுவது? ஒரு பகலும் ஓர் இரவும் ஆகிற காரியம் அது.

பத்தில் ஏழில் இரண்டு வட்டம் இருந்தது. ஒன்றில் மூன்று வட்டம், முட்டை தள்ளிவிட வேண்டிய பொட்டலத்தை உள்ளேயே வைத்துக்கொண்டுவிட்டது. அது உருப்படாது. இரண்டில் ஒன்றுமே இல்லை. ஆக, ஏழு.

இந்த 'மறுநாள் காலை'யை மனித முட்டையில் வெளியுலகம் முதன்முதலாகப் பார்த்ததற்கு ஒரு கைக்குழந்தையின் பல்லுக்கு நன்றி சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டனில் ஜான் ராக் என்ற டாக்டரிடம் மிரியம் மென்கின் என்ற பெண் உதவியாளராக இருந்தார். ஆறு வருஷம் வாராவாரம் முட்டையையும் விந்தணுவையும் கண்ணாடித் தட்டில் சேர்த்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. 1944 பிப்ரவரியில் ஒரு நாள், வீட்டில் குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரம், இரவெல்லாம் தூக்கம் இல்லை. அசதியில் நுண்ணோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தவர் கடிகாரத்தைப் பார்க்க மறந்தார். வழக்கமாக அரை மணி நேரம் சேர்த்து வைப்பவர் ஒரு மணி நேரம் வைத்துவிட்டார். அந்த முட்டைதான் இரண்டு செல்லானது. உடம்புக்கு வெளியே உருவான முதல் மனிதக் கரு அது. அதைப் பாடம்பண்ணி வைக்கப் போகையில் தவறிப்போனது வேறு விஷயம். அதன் பிறகு மூன்று கிடைத்தன. முப்பத்து நான்கு வருஷம் கழித்து, 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டமில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தாள். அதைச் சாதித்த ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவரோடு அந்தக் கருக்களைக் கண்விழித்துப் பார்த்துக்கொண்ட ஜீன் பர்டி என்ற பெண் அதற்குள் இறந்து இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. என் தொழிலில் முதல் ஆள் யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன்.

ஏழு கருக்களுக்கு வருவோம். இரண்டாம் நாள் நான்கு செல், மூன்றாம் நாள் எட்டு செல். செல்கள் கூடுகின்றன, கரு வளர்வதில்லை. கொழுக்கட்டைக்குப் பிசைந்த ஒரே மாவை இரண்டாகப் பிட்டு, அதை மறுபடி பிட்டு வைக்கிற கதை. உருண்டைகள் சின்னதாகிக்கொண்டே போகும், மாவு அதேதான்.

மூன்றாம் நாள் மாலையிலிருந்து எனக்கு ஒரு படபடப்பு உண்டு. முதல் இரண்டு மூன்று நாள் கரு ஓடுவது சொந்தச் சம்பாத்தியத்தில் இல்லை. அம்மா கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றில். முட்டை உருவாகும்போதே தேவையான புரதங்களும், புரதம் செய்வதற்கான செய்திகளும் அதில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். அப்பாவிடமிருந்து வந்த ஜீன்களும் அம்மாவின் ஜீன்களும் கருவுக்குள் இருக்கின்றனவே தவிர, வாய் திறப்பதில்லை. நான்கு செல்லிலிருந்து எட்டு செல் ஆகிற கட்டத்தில்தான் கருவின் சொந்த ஜீன்கள் விழித்துக்கொள்கின்றன. கட்டுச்சோறு தீர்ந்து, சொந்த அடுப்பு பற்றவில்லை என்றால் கரு அங்கேயே நின்றுவிடும். மூன்றாம் நாள் அழகழகாக எட்டு செல்லோடு இருந்தது, ஐந்தாம் நாளும் அதே எட்டு செல்லோடு இருக்கும். பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும்.

அந்த ஏழில் அப்படி நின்றவை நான்கு.

மீதி மூன்றும் மேலே போயின. நான்காம் நாள் செல்கள் ஒன்றோடொன்று நெருங்கி, எல்லைக்கோடுகள் அழிந்து, முசுக்கட்டைப் பழம் மாதிரி ஒரே உருண்டை ஆகின்றன. இங்கேதான் முதல் பாகப்பிரிவினை. வெளியே மாட்டிய செல்கள் ஒரு வேலைக்கு, உள்ளே அகப்பட்ட செல்கள் வேறு வேலைக்கு. வெளிச்செல்கள் நீரை உள்ளே இறைக்க, ஐந்தாம் நாள் நடுவில் குளம் கட்டிவிடும். இதைத்தான் பிளாஸ்டோசிஸ்ட் என்கிறோம். மாமியார் திரையில் பார்த்தது இது. சுமார் நூறு, நூற்றைம்பது செல். அதில் பெரும்பகுதி வெளிச்சுவர், அது குழந்தை ஆகாது, நஞ்சுக்கொடி ஆகும். ஓரத்தில் ஒட்டியிருந்த சின்னக் கட்டியிலிருந்துதான் குழந்தை. வீடு கட்டப் போகிறவன் முதலில் கிணறு வெட்டுவான் இல்லையா? கருவும் தலையைப் பற்றி யோசிக்கும் முன் சோற்றுக்கும் தண்ணீருக்கும் வழி பார்க்கிறது.

பன்னிரண்டு, பத்து, ஏழு, மூன்று. மிச்சம் எங்கே போனதென்ற கேள்விக்கு இதுதான் பதில், பெரியம்மா. யாரும் தொலைக்கவில்லை. லேபில் மட்டும் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். உடம்புக்குள்ளும் இதே கதைதான், அங்கே எண்ணிப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். நாள் தள்ளிப்போவதற்கு முன்பே வந்த சுவடு தெரியாமல் போகிற கருக்கள் நிறைய. நாள் தள்ளிப்போன பிறகு முதல் மூன்று மாதத்துக்குள் கலைபவற்றிலும் ஏறக்குறைய பாதியில் குரோமோசோம் கணக்குப் பிசகியிருக்கும். முட்டை எடுத்த அன்றைக்கே, சிலவற்றில் அதற்கும் முன்பே, முடிவாகிவிட்ட விஷயம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2009-இல் எனக்கு ஒன்பதாவது வாரத்தில் கலைந்தது. "ஸ்கூட்டியில போகாதேன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே" என்றார் என் அம்மா. என் தொழிலே இது. குரோமோசோம் பிசகு என்று மற்றவர்களுக்கு வாய் வலிக்கச் சொல்கிறவள். அன்று ராத்திரி படுத்துக்கொண்டு, கோரிப்பாளையம் சிக்னலுக்கு முன்னால் வண்டி எந்தப் பள்ளத்தில் இறங்கியது என்று நானே யோசித்துக்கொண்டிருந்தேன். படித்தவளுக்கே இந்தக் கதி என்றால், மாடிப்படி ஏறினதையும் பப்பாளி தின்னதையும் வருஷக்கணக்கில் நெஞ்சில் சுமக்கும் பெண்களை என்ன சொல்வது?

மூன்றில் ஒன்றை உள்ளே வைத்தோம். இரண்டை உறைய வைத்தோம். திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. நம் நாட்டுச் சட்டப்படி பத்து வருஷம் வரை வைத்திருக்கலாம். கொல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாய் என்ற டாக்டர் இப்படிக் கருவை உறைய வைத்து, வேறொரு மாதத்தில் தாய்க்குள் வைத்து, 1978 அக்டோபர் 3 அன்று துர்கா என்ற குழந்தையைப் பிறக்க வைத்தார். லூயிஸுக்கு 70 நாள்தான் இளையவள். அரசு போட்ட விசாரணைக் குழு அவரை நம்பவில்லை. 1981-இல் அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். 1986-இல் மும்பையில் பிறந்த ஹர்ஷாதான் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சாதனையில் பங்கு உள்ள விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமாரே 1997-இல் சுபாஷின் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதல்வர் நானில்லை, அவர்தான் என்று எழுதினார். விஞ்ஞானத்தில் இப்படி ஒரு மனுஷரைப் பார்ப்பது அபூர்வம்.

இப்போது தலை.

ஆறாம் ஏழாம் நாளில் கரு தன் வெளியுறையைக் கிழித்துக்கொண்டு வெளியே பிதுங்கும். பிறகு கருப்பைச் சுவரில் ஒட்டும். வெளிச்செல்கள் சுவரை அரித்துக்கொண்டு உள்ளே இறங்க, பன்னிரண்டாம் நாள் வாக்கில் கரு முழுக்கப் புதைந்திருக்கும். கூடவே எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். 'நான் வந்துவிட்டேன், இந்த மாதம் தூமை வேண்டாம்' என்று அம்மாவுக்குப் போகிற தகவல் அது. நாங்கள் செய்யும் பீட்டா டெஸ்டும், மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிற பட்டையும் மோப்பம் பிடிப்பது இதைத்தான்.

இந்த நாட்களை யாரும் நேரில் பார்த்ததில்லை. நமக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அதே பாஸ்டனிலிருந்து வந்தது. ஜான் ராக்கும் ஆர்தர் ஹெர்டிக்கும் 1938-இலிருந்து பதினைந்து வருஷம், கருப்பையை அகற்ற வேண்டியிருந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் கருப்பைகளைத் துழாவி 34 கருக்களைக் கண்டுபிடித்தார்கள். இரண்டாம் நாள் முதல் பதினேழாம் நாள் வரை உள்ளவை. பல இயல்பாக இல்லை. தானாகவே நின்றுபோகிற கருக்கள் எவ்வளவு சகஜம் என்று உலகத்துக்கு முதலில் காட்டியதும் அவைதான். இன்றைய அறம் அந்த ஆராய்ச்சியை அனுமதிக்குமா என்பது வேறு. பாடப்புத்தகப் படங்களில் அந்தப் பெண்கள் இருக்கிறார்கள், பெயர் இல்லாமல்.

இரண்டாம் வாரத்தில் அந்தச் சின்னக் கட்டி தட்டையாகி, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்குள்ள ஒரு வட்டத் தகடு ஆகிறது. மேலே ஒரு நீர்ப்பை, கீழே ஒரு பை. ஊதிய இரண்டு பலூன்களை ஒன்றோடொன்று அழுத்தினால் ஒட்டுகிற இடம் வட்டமாகத் தெரியுமே, அதுதான் தகடு. உடம்பு முழுவதும் அதன் மேல் அடுக்கிலிருந்துதான் வரப்போகிறது. இன்னும் தலை இல்லை, வால் இல்லை, இடம் வலம் இல்லை. ஒரு ஆளா, இரண்டு ஆளா என்பதுகூட முடிவாகவில்லை. முதல் மூன்று நாளுக்குள் கரு இரண்டாகப் பிரிந்தால் தனித்தனி நஞ்சுக்கொடியோடு இரட்டையர். ஒரு வாரத்துக்குள் பிரிந்தால் நஞ்சுக்கொடி பொது. அதற்கும் பிந்தினால் ஒரே நீர்ப்பைக்குள் இருவர். பதின்மூன்றாம் நாளையும் தாண்டிப் பிரியப் பார்த்தால் ஒட்டிப் பிறப்பார்கள்.

பதினைந்தாம் நாள் வாக்கில் அந்தத் தகட்டின் ஓர் ஓரத்தில் மெல்லிய வரப்பு போல் ஒரு கோடு விழும். அது நடுவரை நீளும். கோடு தொடங்கிய ஓரம் வால் பக்கம். நீள்கிற திசை தலைப் பக்கம். பெரியம்மா, நீங்கள் தலையைக் கேட்டீர்கள். உடம்பு முதலில் குறித்து வைப்பது வாலை. தலை என்பது வாலுக்கு எதிர்த் திசை, அவ்வளவுதான் அப்போதைக்கு.

கோடு விழுந்ததும் மேல் அடுக்குச் செல்கள் கூட்டம் கூட்டமாக வந்து அந்தப் பள்ளத்தில் முங்கி, அடியில் பரவுகின்றன. இரண்டு அடுக்கு மூன்றாகிறது. மேலேயே தங்கியவை தோலும் மூளையும் நரம்பும். நடுவில் பரவியவை எலும்பு, தசை, ரத்தம், இதயம். அடியில் போனவை குடல், ஈரல், நுரையீரலின் உள்பக்கம். எந்தச் செல் எப்போது முங்கியது, எந்த இடத்தில் முங்கியது என்பதை வைத்து அதன் தொழில் முடிவாகிறது.

இந்தக் கோட்டை வைத்துத்தான் சட்டமும் கோடு போட்டது. மேரி வார்னாக் என்ற தத்துவ அறிஞர் தலைமையில் பிரிட்டன் அமைத்த குழு, 14 நாளுக்கு மேல் மனிதக் கருவை லேபில் வளர்க்கக் கூடாது என்று 1984-இல் சொன்னது. 1990-இல் அது அங்கே சட்டமானது. நம் நாட்டு வழிகாட்டு நெறிகளும் அதையே பின்பற்றுகின்றன. ரொம்ப நாள் இந்த விதியை யாரும் மீற நினைத்தாலும் முடிந்திருக்காது, ஏழெட்டு நாளைத் தாண்டிக் கரு தட்டில் பிழைத்ததில்லை. 2016-இல் கேம்பிரிட்ஜிலும் நியூயார்க்கிலும் 13 நாள் வரை கொண்டுபோய், விதிக்காகவே நிறுத்தினார்கள். அதிலிருந்து விதியைத் தளர்த்தச் சொல்கிற பேச்சு ஓயவில்லை. எனக்கு அதில் அவசரம் இல்லை.

கணக்குப் பார்த்தால் ஒன்று தெரியும். கரு உண்டான பதினான்கு, பதினைந்தாம் நாள்தான் வீட்டில் "நாள் தள்ளிப் போயிருக்கு" என்று ரகசியமாகச் சொல்கிற நாள். வெளியே காலண்டரைப் பார்க்கிறார்கள், உள்ளே வால் எது தலை எது என்று கோடு விழுகிறது. டாக்டரிடம் போனால் கடைசியாகக் குளித்த நாளிலிருந்து எண்ணி, 'நாலு வாரம்' என்பார். கருவின் வயது இரண்டு வாரம்தான். இந்த இரண்டு வார வித்தியாசம் புரியாமல் எத்தனை வீட்டில் சண்டை வந்திருக்கிறதென்று எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் எல்லாம் மடமடவென்று நடக்கும். மூன்றாம் வாரத்தில் முதுகு நெடுக ஒரு தடித்த பட்டை, அதன் இரு ஓரமும் எழும்பி, பாய் சுருட்டுகிற மாதிரி சேர்ந்து ஒரு குழாய் ஆகும். தலைப்பக்க வாய் 25-ஆம் நாள் வாக்கில் மூடும், வால்பக்க வாய் 28-ஆம் நாளுக்குள். இதுதான் மூளையும் தண்டுவடமும். மூடாமல் போனால் குறை. ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போடச் சொல்வது இதற்காகத்தான். கர்ப்பம் உறுதியான பிறகு ஆரம்பித்தால் குழாய் அதற்குள் மூடும் வேலையில் இறங்கியிருக்கும். இந்தச் சத்தின் கதை நம் நாட்டில் தொடங்கியது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகளின் ரத்தசோகைக்கு ஈஸ்ட் சாறு கொடுத்துக் குணப்படுத்தி, 1931-இல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்தது என்ன என்பது பத்து வருஷம் கழித்துக் கீரையில் பிடிபட்டது. இலை என்ற லத்தீன் சொல்லிலிருந்துதான் ஃபோலிக் என்ற பெயர்.

இதயம் 22, 23-ஆம் நாளில் துடிக்கத் தொடங்கும். நான்கு அறையெல்லாம் அப்போது கிடையாது, வளைந்த ஒரு குழாய். எட்டு வாரம் முடியும்போது மூன்று சென்டிமீட்டர். உறுப்புகள் எல்லாவற்றுக்கும் கால்கோள் ஆகியிருக்கும்.

அந்த மருமகளுக்கு முதலில் வைத்த கரு நிற்கவில்லை. பீட்டா டெஸ்ட் முடிவை போனில் சொன்னது நான்தான். மறுமுனையில் மாமியார் எடுத்தார். "அப்ப இன்னும் ரெண்டு இருக்குல்ல?" என்றார். மருமகள் என்ன செய்தாள், எங்கே நடந்தாள் என்று எதுவும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து உறைந்த இரண்டில் ஒன்றை எடுத்து வைத்தோம். ஏழாவது வார ஸ்கேனுக்கு அவர்கள் வந்தபோது என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை, போனேன். இருட்டான பைக்குள் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குச் சாம்பல் நிறப் பொட்டு. நடுவில் மினுக் மினுக்கென்று துடிப்பு. பக்கத்தில் பளிச்சென்று ஒரு வளையம்.

மாமியார் முந்திக்கொண்டார். விரலைத் திரையில் அந்த வளையத்தின் மேல் வைத்து, "இந்தா, இதுதானே தலை?" என்றார்.

அது தகட்டுக்குக் கீழே இருந்த பை. நான் அவர் விரலைப் பிடித்து அரை இஞ்ச் இடப்பக்கம் நகர்த்தி வைத்தேன்.